இருபது நிமிடப் பாட்டில் இயேசுவை எப்படிச் சொல்வது?

ப்ராக் ராக், அதாவது நீளமான பாட்டும் சிக்கலான தாளமுமாக வரும் ராக் இசை, அதைக் கேட்கிறவர்கள் ரொம்பப் பொறுமைசாலிகள். ஐந்து நிமிடம் வெறும் ஆர்கன் மட்டும் ஓடினாலும் அசையாமல் உட்கார்ந்திருப்பார்கள், பதினோரு எண்ணிக்கையில் ஒரு ரிஃப், திரும்பத் திரும்ப வரும் சின்ன மெட்டு, வந்தால் விரல் மடக்கி எண்ணிப் பார்த்து அதிலேயே குஷியாகிவிடுவார்கள். அதே ஆட்கள், பாட்டில் "இயேசு" என்று ஒரு வார்த்தை விழுந்ததும் அடுத்த பாட்டுக்குத் தாவிவிடுகிறார்கள். சபைப் பக்கம் போனால் கதை தலைகீழ். அந்தப் பெயரை நூறு தடவை சொன்னாலும் ஆமென் கிடைக்கும், ஆனால் எல்லாரும் கைதட்டிக்கொண்டிருக்கும்போது தாளம் ஏழுக்கு மாறினால் முன்வரிசை அக்காமார் மொத்தமாகக் கையை நிறுத்திவிட்டு கீபோர்டு பக்கம் திரும்பிப் பார்ப்பார்கள். எனக்கு நடந்திருக்கிறது.

இந்த இரண்டு கூட்டத்துக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு, விசுவாசத்தை மறைக்கவும் மனசில்லாமல் ப்ராக்கை விடவும் மனசில்லாமல் இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் கீபோர்டு வாசிப்பவன், மற்ற நாட்களில் நான்கு பேர் கொண்ட ஒரு சின்ன இசைக்குழுவில் வாசிப்பவன், அந்த நான்கு பேரில் சபைக்குப் போவது நான் ஒருவன்தான். நான் முதலில் எழுதிய விசுவாசப் பாட்டு 14 நிமிடம். அதில் இரண்டாவது நிமிடத்திலேயே நான் இரட்சிக்கப்பட்டுவிட்டேன், மீதி 12 நிமிடம் என்ன செய்வதென்று தெரியாமல் அதையே வேறு வேறு ஸ்ருதியில் சொல்லிக்கொண்டிருந்தேன். கேட்டு முடித்த பேஸ் வாசிக்கும் நண்பன் "நல்லாத்தான் இருக்கு, ஆனா காலைல எட்டரை மணி ஆராதனை மாதிரி இருக்கு" என்றான். அப்போது கோபம் வந்தது. அப்புறம்தான் இதைச் சரியாகச் செய்தவர்கள் எப்படிச் செய்தார்கள் என்று மறுபடி உட்கார்ந்து கேட்க ஆரம்பித்தேன். தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

எழுதுவதற்கு முன்னால் இசைக்குழுவிடம் பேசுங்கள்

முதல் வேலை பேனாவை எடுப்பது இல்லை, கூட வாசிப்பவர்களை டீக்கடைக்குக் கூட்டிப்போவது. இதைச் செய்யாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்குக் கான்சாஸ் என்ற அமெரிக்க ராக் குழுவின் வரலாறே போதும். அவர்களுடைய முக்கியமான பாடலாசிரியர் கெர்ரி லிவ்கிரென். 1976-ல் லெஃப்ட்ஓவர்ச்சர், 1977-ல் பாயின்ட் ஆஃப் நோ ரிட்டர்ன் என்று பெரிய பெரிய வெற்றி ஆல்பங்களைக் கொடுத்தவர். ஒவ்வொரு தத்துவமாகத் தேடித் தேடிப் படித்துக்கொண்டிருந்த மனிதர், 1979-ல் சுற்றுப்பயணத்தின்போது, அவர்களுக்கு முன்னால் மேடையேறிய குழுவின் பாடகர் ஜெஃப் பொலார்டோடு நாள்கணக்கில் வாதாடி, கடைசியில் கிறிஸ்தவரானார். அதோடு பாட்டு வரிகள் மாறின. வரிகள் போகிற திசையோடு ஒத்துப்போக முடியாமல் பாடகர் ஸ்டீவ் வால்ஷ் 1981-ல் விலகினார். இன்னொரு பாடகரோடு இரண்டு ஆல்பம் வந்தது, அதற்கப்புறம் லிவ்கிரெனும் பேஸ் வாசித்த டேவ் ஹோப்பும் வெளியேறி ஏடி என்று தனிக்குழு தொடங்கினார்கள். டேவ் ஹோப் பிற்பாடு ஆங்கிலிக்கன் குருவாகவே ஆகிவிட்டார், அது தனிக்கதை.

யார் பக்கம் நியாயம் என்று நான் தீர்ப்பு சொல்ல வரவில்லை. தான் நம்பாத ஒன்றை வாயால் பாட வேண்டிய நிலையில் வால்ஷ் இருந்தார் என்பதை மட்டும் யோசித்துப் பாருங்கள். பேஸ் வாசிப்பவன் விசுவாசி இல்லையென்றால் பெரிய பிரச்சினை இல்லை, ஸ்வரங்களுக்கு ஞானஸ்நானம் தேவைப்படாது. பாடுகிறவனுக்கு அப்படி இல்லை. அதனால் என் முதல் விதி: சாட்சியை எழுதியவரே பாட வேண்டும், குரல் சுமாராக இருந்தாலும் பரவாயில்லை.

ப்ராக் பாடகர் நீல் மோர்ஸ் வேறு வழி எடுத்தார். லாஸ் ஏஞ்சலஸில் ஸ்பாக்ஸ் பியர்ட் குழுவை அண்ணன் தம்பியாகத் தொடங்கி, பத்து வருடம் உழைத்து, 2002-ல் ஸ்னோ என்ற இரட்டை ஆல்பம் வெளிவந்த கையோடு, விசுவாசத்தின் பேரில் விலகிவிட்டார். அடுத்த வருடமே டெஸ்டிமனி, அதாவது சாட்சி, என்று நேரடியான பெயரில் சொந்த ஆல்பம். பழைய குழு டிரம்மரையே பாடகராக்கிக்கொண்டு தொடர்ந்தது. இதில் எனக்குப் பிடித்த விஷயம், டெஸ்டிமனியிலும் அதற்கடுத்த பல ஆல்பங்களிலும் டிரம்ஸ் வாசித்தது டிரீம் தியேட்டர் புகழ் மைக் போர்ட்னாய். அவர் நீலின் விசுவாசத்தைப் பகிர்ந்துகொள்பவர் இல்லை. ஆனாலும் வருடக்கணக்கில் வாசித்தார், காரணம் யாருடைய பெயரில் யாருடைய கதை சொல்லப்படுகிறது என்பதில் ஆரம்பத்திலிருந்தே குழப்பம் இல்லை. அதேபோல் லிவ்கிரெனின் 1980 தனி ஆல்பத்தில் இரண்டு பாட்டைப் பாடியவர் ரானி ஜேம்ஸ் டியோ. அந்த நேரத்தில் அவர், இருட்டு, சாத்தான் என்றே பேர் வாங்கிய ஹெவி மெட்டல் குழுவான பிளாக் சபாத்தின் பாடகர்! இரண்டு பக்கத்து ரசிகர்களும் தலையைச் சொறிந்திருப்பார்கள். டியோ விஷயத்தில் என் விதியே உடைகிறது என்பது தெரியும். டியோ மாதிரி ஒரு குரல் உங்களுக்குக் கிடைத்தால் நீங்களும் உடைத்துக்கொள்ளுங்கள்.

ஆக, டீக்கடையில் பேச வேண்டியது இதுதான்: இது குழுவின் ஆல்பமா, என் பெயரில் வரும் ஆல்பமா, நீங்கள் வாசித்துக் கொடுக்கிறீர்களா? மூன்றாவது டீக்குள் முடிந்துவிடும் பேச்சு. தள்ளிப்போட்டால் ஒரு இசைக்குழு உடைகிற அளவுக்கு வளரும்.

கேள்விக்கு எத்தனை நிமிடம் கொடுக்கிறீர்கள்?

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள். லிவ்கிரென் எழுதியதிலேயே உலகம் முழுக்கத் தெரிந்த பாட்டு, வழிதவறிய மகனைத் தொடர்ந்து நடக்கச் சொல்லும் 1976-ன் கேரி ஆன் வேவர்ட் சன். நிறையப் பேர் அதைக் கிறிஸ்தவப் பாட்டு என்றே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அது அவர் மனம் திரும்புவதற்கு மூன்று வருடம் முன்னால் எழுதியது. அதில் இருப்பது தேடல்தான், கண்டடைந்த அறிவிப்பு இல்லை. பதில் கிடைத்த பிறகு எழுதிய பாட்டுகளைவிட, பதில் தெரியாமல் எழுதிய பாட்டு ஏன் இவ்வளவு பேரைத் தொடுகிறது என்று யோசித்தால் நம்முடைய தவறு பிடிபட்டுவிடும். விசுவாசத்துக்குள் வந்ததும் நாம் கேள்வியை மறந்துவிடுகிறோம். மறந்துவிட்டு, கேள்வியே கேட்காதவனிடம் பதிலை நீட்டுகிறோம்.

ப்ராக் என்ற வடிவத்தின் பெரிய சலுகை நேரம். மூன்று நிமிட ஆராதனைப் பாட்டில் சந்தேகத்துக்கு இடமே இல்லை, நாலாவது வரியில் கோரஸ் வந்தாக வேண்டும். இருபது நிமிடம் கையில் இருக்கும்போது பதின்மூன்று நிமிடத்தைத் தாராளமாக இருட்டுக்குக் கொடுக்கலாம். டெஸ்டிமனி இரண்டு குறுந்தகடு, ஐந்து பாகம். அதில் லாஸ் ஏஞ்சலஸில் பாட்டெழுதிப் பிழைக்கப் பார்த்த காலம், தோல்வி, குடி, வெறுமை எல்லாம் அவசரமில்லாமல் வருகிறது. அதைக் கடந்து வந்த பிறகு அவர் கர்த்தரைப் பற்றிப் பாடும்போது, விசுவாசம் இல்லாதவர்கூட "சரி, இந்த ஆளுக்கு இது நடந்திருக்கு" என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். உடனே ஒத்துக்கொள்ள வேண்டியதில்லை, எழுந்து போகாமல் இருந்தால் போதும்.

நம் ஊரில் இந்த வடிவம் புதிதில்லை என்பது எனக்கு ரொம்ப லேட்டாகத்தான் உறைத்தது. நொண்டி நாடகம் என்று ஒன்று உண்டே. ஒற்றை ஆள் மேடைக்கு வந்து, தான் எப்படித் திருடினேன், யார் பின்னால் அலைந்தேன், எப்படிப் பிடிபட்டுக் காலை இழந்தேன் என்று முக்கால்வாசி நேரம் தன் அசிங்கத்தையே பாடி, கடைசியில் இறையருளால் கால் திரும்பக் கிடைத்ததைச் சொல்லி முடிப்பான். திருச்செந்தூர் முருகனுக்கும் ஒரு நொண்டி நாடகம் உண்டு, சீதக்காதி பெயரிலும் ஒன்று உண்டு. அதை நடத்தியவர்களுக்குக் கணக்கு தெரிந்திருந்தது: ஜனங்கள் வருவது திருட்டுக் கதை கேட்க, அருள் வருவது கதை முடியும்போது. அந்த விகிதத்தை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள்.

நடைமுறையில் நான் செய்வது: முதலில் பாட்டின் நேரத்தை ஒரு கோடாக வரைந்து, இயேசுவின் பெயரோ விடுதலையோ முதன்முதலில் எங்கே வருகிறது என்று ஒரு புள்ளி வைப்பேன். அது கோட்டின் முதல் பாதியில் விழுந்தால் பாட்டை மறுபடி எழுதுவேன். இருட்டுப் பகுதிக்கு என்ன எழுதுவது என்று தெரியாவிட்டால் 88-ம் சங்கீதத்தைப் படியுங்கள். புலம்பலில் தொடங்கி இருளிலேயே முடிகிறது, கடைசி வரியில் ஆறுதல் என்று எதுவும் இல்லை. வேதாகமத்திலேயே இப்படி ஒன்று இருக்கும்போது, ஒவ்வொரு பாட்டையும் வெற்றியில் முடித்தே ஆக வேண்டும் என்று யார் சொன்னது?

யார் யாரோடு பேசுகிறார்கள்

பாட்டில் "நான்" என்று பேசலாம், "அவன்" என்று கதை சொல்லலாம், கடவுளைப் பார்த்து "நீர்" என்று ஜெபிக்கலாம், கேட்பவனைப் பார்த்து "நீ" என்று பேசலாம். இந்தக் கடைசி ஒன்றுதான் பிரசங்கம், அதுதான் ஆளை விரட்டுவது. என்னுடைய 14 நிமிடத்தில் எண்ணிப் பார்த்தபோது "நீ மனந்திரும்பு" வகை வரிகள் ஒன்பது இருந்தன. எல்லாவற்றையும் "நான்" ஆக மாற்றிப் பார்த்தேன். அதில் நாலு வரி எனக்கே உண்மையாக இல்லை என்று தெரிந்தது, தூக்கிப் போட்டேன். இதைவிடச் சுலபமான சோதனை எனக்குத் தெரியாது.

"அவன்" வழி உங்களுக்கு ஒத்துவந்தால் அதில் நிறைய வேலை நடந்திருக்கிறது. டென்னஸியின் கிளாஸ் ஹாமர் குழு 2002-ல் லெக்ஸ் ரெக்ஸ் என்று ஒரு ஆல்பம் செய்தது. புகழ் தேடிக் கிளம்பும் ஒரு ரோமப் போர்வீரனின் கதை, அவன் தேடல் கடைசியில் கிறிஸ்துவில் வந்து முடிகிறது. போர்வீரனின் கண் வழியாகவே போவதால் கேட்பவனுக்குப் போதனை கேட்கிற உணர்வே வருவதில்லை. நீல் மோர்ஸ் 2007-ல் சோலா ஸ்கிரிப்டுராவில் மார்ட்டின் லூத்தரின் கதையை எடுத்தார். நாலே நாலு பாட்டு, அதில் ஒன்று அரை மணி நேரத்தைத் தொடுகிறது. இசையாக அது அவருடைய உச்சங்களில் ஒன்று, ஆனால் சபையின் மேல் குற்றப்பத்திரிகை வாசிக்கிற இடங்களில் கதை நின்றுபோய் வழக்கு தொடங்கிவிடுகிறது. என் கத்தோலிக்க நண்பர் ஒருவர் இருபதாவது நிமிடத்தில் ஹெட்போனைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டார். நானும் அந்த இடத்தில் அவர் கட்சிதான்.

அதே நீல் மோர்ஸ் 2016-ல் தன் குழுவோடு ஜான் பன்யனின் மோட்சப் பிரயாணம் என்ற பழைய பயணக் கதையை இரட்டை ஆல்பமாக்கினார். 1678-ல் வெளிவந்த அந்தப் புத்தகம்தான் நம்ம எச். ஏ. கிருஷ்ணபிள்ளையின் இரட்சணிய யாத்திரிகத்துக்கும் மூலம். திருநெல்வேலிப் பக்கத்து வைணவக் குடும்பத்தில் பிறந்து கிறிஸ்தவரான பிள்ளை, கம்பனைக் கரைத்துக் குடித்தவர், பன்யனின் ஆங்கில உரைநடையைத் தமிழ்க் காப்பியமாக்கி 1894-ல் கொடுத்தார். ஒரே கதை இங்கே விருத்தமாகவும், அங்கே கிட்டாரும் சின்தசைசருமாகவும் வந்திருக்கிறது. யாராவது இரட்சணிய யாத்திரிகத்தின் ஒரு படலத்தை எடுத்து ப்ராக்காகச் செய்தால் நான் சும்மாவே கீபோர்டு வாசித்துத் தருகிறேன்.

இன்னொரு வழியும் உண்டு, அது ஒரு இடத்தைப் பற்றிப் பாடுவது. இங்கிலாந்தின் அயோனா குழு தன் பெயரையே ஸ்காட்லாந்தின் ஒரு தீவிலிருந்து எடுத்துக்கொண்டது, 563-ல் கொலம்பா என்ற துறவி வந்து மடம் அமைத்த தீவு அது. 1992-ல் கெல்ஸ் புத்தகம் என்ற பழைய சுவிசேஷச் சுவடியை வைத்து முழு ஆல்பம் செய்தார்கள். குழல், ஐரிஷ் பைப், நீண்ட கிட்டார், நடுவில் ஜோவான் ஹாக்கின் குரல். நம்பிக்கை அதில் பனிமூட்டம் மாதிரி எங்கும் இருக்கிறது, யாரையும் நெஞ்சில் குத்துவதில்லை. நேரடியாகச் சொல்ல இன்னும் தைரியம் வராதவர்கள் இங்கிருந்து தொடங்கலாம். ஆனால் இதிலேயே ஒளிந்துகொண்டுவிடாதீர்கள், அது சொகுசான இடம்.

தாளத்துக்கும் வாத்தியத்துக்கும் வேலை கொடுங்கள்

வரிகளே எல்லாவற்றையும் சுமந்தால் அது பின்னணி இசை போட்ட பிரசங்கம். வாதத்தில் பாதியையாவது இசை சுமக்க வேண்டும். இதற்குப் பாடம் படிக்க ஜெனெசிஸ் குழுவின் 1972 ஆல்பத்தின் கடைசிப் பாட்டைக் கேளுங்கள், சப்பர்ஸ் ரெடி, 23 நிமிடம். அது சுவிசேஷ ஊழியத்துக்காக எழுதிய பாட்டே இல்லை, ஆனால் வேதாகமத்தின் கடைசிப் புத்தகமான வெளிப்படுத்தின விசேஷத்தின் காட்சிகள் முழுக்க இறைந்து கிடக்கின்றன. கடைசிக்கு முந்தைய பகுதியில் தாளம் ஒன்பதாகிறது, 3+2+4. நம் சொல்லில் சொன்னால் தகிட தக தகதிமி. பேஸ் ஒரே ஸ்வரத்தைப் பிடித்துக்கொண்டு அந்த ஒன்பதை விடாமல் அடிக்கிறது, மேலே டோனி பேங்க்ஸின் ஆர்கன் அந்தக் கணக்குக்கு அடங்காமல் அலைகிறது, நமக்கு மூச்சு முட்டுகிறது. அப்புறம் திடீரென்று பாட்டின் முதல் நிமிடத்தில் மெதுவாகக் கேட்ட மெட்டு பெரிய உருவத்தில் திரும்பி வருகிறது, தாளம் நிமிர்கிறது, புதிய எருசலேம் வருகிறது. வார்த்தை புரியாதவனுக்கும் "வந்து சேர்ந்துவிட்டோம்" என்று உடம்பில் தெரிகிறது.

இதிலிருந்து எடுக்க வேண்டியது: கிருபைக்கு ஒரு மெட்டு வைத்துக்கொள்ளுங்கள், நாலு ஸ்வரம் போதும். அதைப் பாட்டின் தொடக்கத்திலேயே, அடையாளம் தெரியாதபடி, பேஸிலோ ஒற்றை விரல் பியானோவிலோ போட்டுவிடுங்கள். நடுவில் ஒரு தடவை அதை உடைத்து, தப்பான ஸ்ருதியில் வாசியுங்கள். கடைசியில் முழுசாகக் கொண்டுவாருங்கள். கேட்பவன் "இது எனக்கு முன்னாலேயே தெரியுமே" என்று நினைப்பான். தேடி வந்தவர் முதலிலிருந்தே பக்கத்தில்தான் இருந்தார் என்று சொல்ல ஒரு வரி எழுத வேண்டிய அவசியமே அதற்கப்புறம் இல்லை.

குழப்பத்துக்கு ஏழு, விசுவாசத்துக்கு நாலு என்று எல்லாரும் செய்வதைச் செய்யாதீர்கள், சலித்துவிட்டது. வேதாகமத்தில் யாக்கோபு இரவெல்லாம் போராடி ஆசீர்வாதம் வாங்கினான், ஆனால் காலையில் நொண்டிக்கொண்டுதான் போனான். அதனால் நான் இப்போது எழுதும் பாட்டில் போராட்டம் சுத்தமான நாலில் இருக்கிறது, ஆசீர்வாதத்துக்குப் பிறகுதான் ஏழு, தகிட தகதிமி, ஒரு கால் குட்டையாக. மிஸ்ர சாபு கேட்டு வளர்ந்த காதுக்கு ஏழு என்பது இடறலே இல்லை, நடைதான். கீர்த்தனை பாடும் சபைகளில் அந்த நடை எப்போதோ வந்து உட்கார்ந்துவிட்டது. முன்வரிசை அக்காமார் அன்றைக்குக் கையை நிறுத்தியதற்குக் காரணம் ஏழு இல்லை, நான் சொல்லாமல் கொள்ளாமல் மாறியதுதான் என்று இப்போது தோன்றுகிறது.

வாத்தியம் விஷயத்தில் ஒரு வேடிக்கை. ப்ராக்கின் அடையாளமான ஹேமண்ட் ஆர்கன், 1935-ல் சந்தைக்கு வந்தபோது, பெரிய குழாய் ஆர்கன் வாங்க வசதியில்லாத தேவாலயங்களுக்கு என்றே விற்கப்பட்டது. ஆக நாம் ராக் மேடையிலிருந்து எதையும் கடன் வாங்கவில்லை, வீட்டுப் பொருளைத் திருப்பிக் கேட்கிறோம். யெஸ் என்ற ப்ராக் குழு 1977-ல் ஸ்விட்சர்லாந்தில் பதிவு செய்துகொண்டிருந்தபோது, அதன் கீபோர்டுக்காரர் ரிக் வேக்மேன் வெவே ஊர்த் தேவாலயத்தின் ஆர்கனை வாசிக்க, அந்த ஒலி தொலைபேசிக் கம்பி வழியாக மாண்ட்ரோ ஸ்டூடியோவுக்கு வந்து பதிவானது. அதே வேக்மேன் பத்து வருடம் கழித்து சுவிசேஷங்களை வைத்தே ஒரு ஆல்பம் போட்டார். டேப்பில் பதிந்த ஒலிகளை வாசிக்கும் பழைய கீபோர்டான மெலட்ரானின் பாடகர்குழு ஒலியும் இப்படித்தான். ஒவ்வொரு கட்டைக்குக் கீழும் எட்டு விநாடி நீள டேப், அதற்குமேல் பிடித்தால் ஒலி நின்றுவிடும். இப்போது எல்லாம் மென்பொருளில் கிடைக்கிறது, ஆனாலும் அந்த எட்டு விநாடிக்குள் கையை எடுத்துவிடுங்கள். மூச்சு வாங்கும் இடம் இருந்தால்தான் அது மனிதர்கள் பாடுவதுபோல் கேட்கும்.

அளவு முக்கியம். ஆர்கன், பாடகர்குழு, மணி மூன்றையும் ஒன்றாகப் போட்டு அதன்மேல் "அல்லேலூயா" என்று பாடினால் ஒரே விஷயத்தை நாலு தடவை சொன்னதாக ஆகிவிடும். வரியில் கடவுள் இருக்கும்போது ஆர்கனை இறக்குங்கள், ஒற்றை கிட்டார் போதும். வரி வாயடைத்து நிற்கும்போது ஆர்கனைத் திறந்துவிடுங்கள்.

கானான் பாஷை

நம் சபைகளில் கிண்டலாகக் கானான் பாஷை என்று சொல்வோமே, அதுதான் பெரிய தடை. பன்யனின் கதையிலேயே மாயச் சந்தைக்குள் நுழையும் பயணிகள் கானான் பாஷை பேசுகிறார்கள், சந்தைக்காரர்களில் பெரும்பாலோருக்குப் புரியவில்லை. கிருபை, இரட்சிப்பு, மகிமை, அபிஷேகம், ஊற்றும், நிரப்பும். சபைக்குள் இந்த வார்த்தைகள் பாரம் சுமக்கின்றன, வெளியே வெறும் சத்தம். தமிழில் எழுதும்போது இன்னொரு சிக்கல், "நீர்", "உம்முடைய" என்று வந்ததுமே எந்தக் கட்டடத்துக்குள் நிற்கிறோம் என்று தெரிந்துவிடுகிறது. அதற்காக "நீ" என்று எழுதினால் சபையில் சிலருக்குச் சுருக்கென்று குத்தும், தேவாரமும் பாசுரமும் கேட்டு வளர்ந்த காதுக்கு மட்டும் அது இயல்பாக இருக்கும்.

நான் கண்ட சமரசம் இதுதான். இருட்டுப் பகுதியில் கடவுளைப் பேர் சொல்லாமல் "நீ" என்று சண்டை போடுகிறேன், கடைசிப் பகுதியில்தான் "நீர்" வருகிறது. அந்த மாற்றமே ஒரு நிகழ்வாகிவிடுகிறது, ஆங்கிலத்தில் எழுதுகிறவனுக்கு இந்த வசதி கிடையாது. கானான் வார்த்தைகளில் ஒரு பாட்டுக்கு ஒன்று மட்டும் அனுமதி. "கிருபை" என்று வைக்க ஆசையாக இருந்தால், அதற்கு முன்னாலேயே பாட்டுக்குள் யாராவது ஒருவருடைய கடனை யாரோ அடைத்திருக்க வேண்டும். அம்மா அடகுக்கடையிலிருந்து வளையலை மீட்டு வந்த நாளைப் பற்றி நாலு வரி இருந்தால், "மீட்பு" என்ற வார்த்தையை விளக்க வேண்டியே இருக்காது.

மறைத்து விற்காதீர்கள்

அட்டையில் கிரகமும் டிராகனும் போட்டு, உள்ளே பதினெட்டாவது நிமிடத்தில் திடீரென்று பீட அழைப்பு, அதாவது இயேசுவை ஏற்றுக்கொள்ள முன்னால் வாருங்கள் என்ற அழைப்பு, கொடுப்பது. இதைத்தான் ப்ராக் ரசிகர்கள் மன்னிப்பதில்லை, மன்னிக்கவும் வேண்டாம். அவர்களுக்கு ஆன்மிகம் அலர்ஜி என்று நினைக்காதீர்கள். யெஸ் குழு யோகானந்தரின் சுயசரிதையில் படித்த ஒரு அடிக்குறிப்பிலிருந்து 1973-ல் நாலு பக்க இரட்டை ஆல்பமே செய்தது, இன்றும் உட்கார்ந்து கேட்கிறார்கள். ஏமாற்றப்படுவதுதான் அவர்களுக்குப் பிடிக்காது. டெஸ்டிமனி என்று பேர் வைத்தால் யாரும் ஏமாறுவதில்லை, வேண்டாதவன் வாங்க மாட்டான், அவ்வளவுதான். கொஞ்ச பேரை இழப்பீர்கள், நீல் மோர்ஸும் இழந்தார். மற்றவர்கள் கூடவே இருந்துவிட்டார்கள், இப்போது மோர்ஸ்ஃபெஸ்ட் என்று அவர் பெயரிலேயே ஒரு விழா நடக்கிற அளவுக்கு.

அவரிடமிருந்து இன்னொன்றும் கற்கலாம். சபையில் எல்லாரும் சேர்ந்து பாடும் ஆராதனைப் பாட்டுகளை அவர் தனி ஆல்பங்களாகப் போடுகிறார், ப்ராக் ஆல்பங்களோடு கலப்பதில்லை. ஜனங்கள் சேர்ந்து பாட வேண்டியது ஒன்று, உட்கார்ந்து கேட்க வேண்டியது வேறு. ஞாயிறு காலை உங்கள் பத்து நிமிட கீபோர்டு சோலோவுக்கான நேரமில்லை. போதகரிடம் சண்டை போடாதீர்கள், அவர் சொல்வது சரி. வேண்டுமானால் கடைசி மெட்டை மட்டும் எடுத்து மூன்று நிமிட கீர்த்தனையாக்கிக் கொடுங்கள், பாடுவார்கள்.

மேடையில் பாட்டுக்கு முன்னால் ஒரு வாக்கியம் போதும், "இது எனக்கு நடந்தது" என்று சொல்லிவிட்டு வாசிக்க ஆரம்பியுங்கள். பாட்டு முடிந்ததும் விளக்காதீர்கள். இருபது நிமிடம் வாசித்தும் புரியவைக்க முடியாததை மைக் பிடித்து இரண்டு நிமிடத்தில் புரியவைக்கப் போவதில்லை.

வெளியிடுவதற்கு முன் டெமோவை இரண்டு பேருக்குக் கொடுங்கள். ஒருவர் ப்ராக் தெரிந்த, சபைக்குப் போகாத ஆள். இன்னொருவர் சபைக்குப் போகிற, ப்ராக் தெரியாத ஆள், என் விஷயத்தில் என் அத்தை. பிடித்திருக்கிறதா என்று கேட்காதீர்கள், இருவரும் மரியாதைக்குப் பொய் சொல்வார்கள். எந்த இடத்தில் போனைப் பார்த்தீர்கள் என்று கேட்டு அந்த நிமிடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். இருவரும் ஒரே இடத்தைச் சொன்னால் அதை வெட்டுங்கள். அத்தையும் டிரம்மரும் சொல்லி வைத்தாற்போல என் பாட்டின் ஒன்பதாவது நிமிடத்தைச் சொன்னார்கள், நான் ரொம்பப் பெருமையாக வைத்திருந்த பகுதி அது. வெட்டினேன். 14 நிமிடம் 11 ஆனது. போன வாரம் ஒத்திகையில் கடைசிப் பகுதிக்கு முன்னால் வரும் அந்த ஏழு எண்ணிக்கைப் பகுதியை வாசித்து முடித்ததும், எந்தச் சபைக்கும் போகாத எங்கள் டிரம்மர் குச்சியைக் கீழே வைக்காமல் கேட்டான்: "இதை இன்னும் நாலு சுத்து போகலாமாடா?"